அஜ்ஜி சொன்ன முடிவு

1981-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாட்டனார், பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் என்று பதினேழு பேர் ஒரே உலையில் உண்டு வந்த வீட்டிலிருந்து, ஒரு தகரப்பெட்டியும் இரண்டு சாக்கு மூட்டைகளும் உடன்வர, என் தகப்பனார் எங்கள் தாயாரையும் என்னையும் தம்பியையும் ஓசூருக்கு அழைத்து வந்தபோது எனக்கு ஏழு வயது. சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலின் நிழலில் சந்தையும் ஏரியுமாக இருந்த அந்தச் சிற்றூர், எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் நாலு திசையிலிருந்தும் ஜனங்களை இழுக்கத் தொடங்கியிருந்தது. டி.வி.எஸ். 50 மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் 1980 முதல் அங்கே உற்பத்தியாகி வந்தன. சில ஆண்டுகளுக்குள் டைட்டன் கைக்கடிகாரமும் சேர்ந்துகொண்டது. கடைசல் இயந்திரம் பழகியவர், பற்றவைப்பு தெரிந்தவர், ஐ.டி.ஐ. சான்றிதழைப் பத்திரமாக மடித்து வைத்திருந்த இளைஞர் என்று மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான பேரில் என் தகப்பனாரும் ஒருவர். எல்லோரும் வேலையைத் தேடி வந்தார்கள். எல்லோரும் ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

நாங்கள் குடியேறியது எட்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசை வீட்டில். சீமை ஓட்டுக் கூரை, பொதுவான குழாயடி, பின்புறத்தில் துவைகல், அதற்கப்பால் ரோஜாத் தோட்டம் ஒன்றின் முள்வேலி. இடப்புற வீட்டில் கோலார் ஜில்லாவின் மாலூரைச் சேர்ந்த கன்னடக் குடும்பம். அந்த வீட்டு மூதாட்டியை அவருடைய பேரப்பிள்ளைகளைப் போலவே நாங்களும் அஜ்ஜி என்றே அழைத்தோம். வலப்புற வீட்டில் பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். அந்த அம்மாள் எங்களுக்கு அத்தை. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் வந்தேறிய பாஷைகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு புழங்கி வருபவை. உண்மையில் வந்தேறியவர்கள் நாங்கள்தாம். வெகுகாலம் என் தாயார் குழாயடியில் வாய் திறவாமல் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்புவார். அந்த மௌனத்தைக் கலைத்தவை மூன்று பொருள்கள்: அஜ்ஜி வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, ஊரார் டெக்கு என்று அழைத்த வாடகை வீடியோ இயந்திரம், அதில் ஓடிய பழைய குடும்பப் படங்கள்.

இதில் ஓசூருக்கே உரிய ஒரு விசேஷம் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-லேயே தோன்றிவிட்டது என்றாலும், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அதன் அலைகள் எங்களை வந்து எட்டவில்லை. நாற்பது கிலோமீட்டரில் இருந்த பெங்களூரிலோ 1981-இல் ஒளிபரப்புத் தொடங்கிற்று. எனவே தமிழ்நாட்டுக் கூரைகளின்மேல் நின்ற எங்கள் ஊர் ஆன்டெனாக்கள் எல்லாம் வடக்கே கர்நாடகத்தை நோக்கியே திரும்பியிருந்தன. எங்களுக்குக் கடிதம் எழுதிய தகப்பனார் வழி அத்தை மகள் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்த பெருமையை விஸ்தாரமாக எழுதுவாள். நாங்கள் அஜ்ஜி வீட்டுத் திண்ணையோரம் அமர்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கன்னடப் படம் பார்த்துக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்துகொண்டே ஒரு தமிழ்ப் படத்தை வீட்டில் பார்க்க வேண்டுமானால், டெக்கு எடுப்பதைத் தவிர வேறு மார்க்கம் இருக்கவில்லை.

சம்பளம் வந்த முதல் சனிக்கிழமைதான் டெக்கு நாள். வீட்டுக்கு ஐந்து ரூபாய் வீதம் சேர்த்துக் கொடுத்தால், கடைப்பையன் சைக்கிளின் பின்சீட்டில் பழைய சீலையைச் சுற்றி இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு, கைப்பிடியில் மூன்று கேசட்டுகள் அடங்கிய பையைத் தொங்கவிட்டவாறு பொழுது சாயும் நேரத்தில் வந்து சேருவான். விடிந்து எட்டு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த இயந்திரம் எங்களுக்கு ஓர் அதிசயம். கேசட்டை உள்ளே தள்ளியதும், பசு வைக்கோலை வாங்கிக்கொள்வதுபோல் அது மெள்ள இழுத்துக்கொள்ளும். உள்ளே அரை அங்குல அகலக் காந்த நாடா சுழலும் உருளையைச் சுற்றிக்கொள்ளும் ஓசை கேட்கும். திரையில் வெண்மழை பெய்து, பிறகு ஒரு கோடு மேலிருந்து கீழாக நெளிந்து ஓடும். கடைப்பையன் ஒரு குமிழைத் திருகித் திருகி அந்தக் கோட்டைத் திரையின் அடிவிளிம்புக்குத் தள்ளும்வரை எட்டுக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடல்மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் ஈரக் குளிரில் கேசட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். அது இயந்திரத்தின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் படம் மங்கிப் போகும். அப்போது மூடியைக் கழற்றி, வெள்ளைக் காகிதத்தை மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, கோயில் விக்கிரகத்தைத் துடைக்கும் பக்குவத்தோடு அவன் துடைப்பான். மூன்று மணி நேரக் கேசட்டில் அடங்காத நீண்ட படங்களில் ஒன்றிரண்டு பாட்டுகளை வெட்டியிருப்பார்கள். வெட்டுப்பட்ட இடம் வந்ததும் அஜ்ஜியோ அத்தையோ அந்தப் பாட்டைத் தாமே முணுமுணுத்து நிரப்பிக்கொள்வார்கள்.

மூன்று கேசட்டுகளில் ஒன்று பிள்ளைகளுக்கான புதுப்படம், ஒன்று பக்திப் படம், மூன்றாவது பெண்களின் உரிமையான பழைய குடும்பப் படம். அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவ்வாறு நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பகுதி ஐம்பதுகளின் பிற்பாதியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வந்தவை: பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை', 'படிக்காத மேதை', 'பாசமலர்', 'பாலும் பழமும்', ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு', எல்.வி. பிரசாத்தின் 'மிஸ்ஸியம்மா'.

1961-இல் வந்த 'பாசமலர்' எங்கள் வரிசை வீட்டில் ஓடிய இரவு இப்போதும் என் கண்முன் நிற்கிறது. அண்ணன் தங்கை பாசக்கதை என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. ஆனால் தொழிற்சாலை ஊரில் இருந்த எங்களுக்கு அதன் மற்றொரு பாதியும் தெரிந்தது. ஆலைத் தொழிலாளியாக இருந்தவன் வேலையிழந்து, தங்கையின் சேமிப்பைக் கொண்டு சிறுதொழில் தொடங்கி முதலாளியாகிறான்; அவனுடைய பழைய தோழனே அவனுக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நிற்கிறான். இரண்டாவது ஷிப்ட் முடிந்து பதினொன்றரை மணிக்கு எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வந்து வாசற்படியிலேயே அமர்ந்துவிட்ட என் தகப்பனார், வேலைநிறுத்தக் காட்சியை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கத்தான்யா செய்யுது" என்றார். அதே ஆண்டு அவருடைய ஆலையிலும் வாயிற்கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன என்பதையும், பல நாள் அவர் உறங்காமல் புரண்டார் என்பதையும் நான் பின்னாளில்தான் அறிந்தேன்.

என் தாயார் அந்த இரவில் செய்த காரியம் வேறு. தம் அண்ணனைப் பார்த்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்த அவர், அண்ணனும் தங்கையும் பிரிந்திருக்கும் கட்டம் ஒன்று முடிந்ததும், அதுவரை எவரிடமும் எதையும் கேட்டறியாதவர், கடைப்பையனிடம், "தம்பி, அதை இன்னொரு வாட்டி போடுறியாப்பா" என்று கேட்டார். "ரீவைண்ட் பண்ணினா ஹெட்டு தேஞ்சிரும்க்கா" என்று தயங்கிய அந்தப் பையன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நாடாவைப் பின்னுக்கு ஓட்டினான். சாவித்திரி அம்மையாரின் கண்ணீர் கன்னத்திலிருந்து கண்ணுக்குத் திரும்பிப் போயிற்று. பின்பு மறுபடியும் வழிந்தது. கொட்டகையில் பார்த்த படம் நம்மை ஆயிரம் பேரில் ஒருவராக்கி, தன் வேகத்தில் நம்மை இழுத்துக்கொண்டு போகும். வீட்டுக்குள் வந்த படமோ, ஒரு தனி ஸ்திரீயின் துக்கத்துக்காக நின்றது, திரும்பிற்று, காத்திருந்தது. மறுநாள் காலை குழாயடியில் அத்தைதான் முதலில் என் தாயாரின் கையைப் பிடித்து, "உங்கண்ணன் எந்த ஊரும்மா?" என்று கேட்டார். நெடுநாள் மௌனம் அன்று உடைந்தது.

பாஷை வேறுபட்ட எட்டுக் குடும்பங்களுக்கும் அந்தப் படங்கள் பொதுவாக இருந்ததற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. அக்காலத்தில் சென்னையின் கோடம்பாக்கம், வடபழனிப் பகுதிகளில் இருந்த ஏவி.எம்., விஜயா–வாஹினி முதலிய ஸ்டூடியோக்களே தென்னாட்டு மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அடுக்களையாக இருந்தன. ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் அடுத்தடுத்தோ உடனுக்குடனோ எடுப்பது சகஜம். 1955-இல் 'மிஸ்ஸியம்மா' தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'வாக வந்தது. சாவித்திரி இரண்டிலும் நடித்தார், நாயகனாக அங்கே என்.டி. ராமராவ், இங்கே ஜெமினி கணேசன். 1957-இன் 'மாயாபஜார்' இரு மொழிகளிலும் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனைக் கொண்டு வந்தது. 'கல்யாணப் பரிசு' மறு ஆண்டே தெலுங்கில் 'பெள்ளி கானுக'வாயிற்று. தெலுங்கு 'ராமுடு பீமுடு' தமிழில் 'எங்க வீட்டுப் பிள்ளை'யாயிற்று. ஆகவே டெக்கு இரவுகளில், "இது எங்க படம்" என்று அத்தை ஒருபுறமும், "இல்லை, எங்க படம்" என்று தமிழ் வீட்டார் மறுபுறமும் வாதிடுவது வழக்கம். கடைசியில் 'கல்யாணப் பரிசி'ல் சரோஜாதேவி திரையில் தோன்றியதும், "அவள் எங்கள் பெங்களூர்ப் பெண்" என்று அஜ்ஜி ஒரே வார்த்தையில் இருவரையும் வென்றுவிடுவார். எல்லையில் ஆற்றுப் பேச்சும் நீர்ப் பேச்சும் கசந்த காலங்களிலும் அந்த முற்றத்தில் பிணக்கு வந்ததில்லை. ஒரே தாயாரைப் பற்றி மூன்று பாஷைகளில் அழுதவர்கள் எவ்வாறு பிணங்குவார்கள்?

1986-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் அஜ்ஜியின் மகன் பெங்களூரிலிருந்து ஒரு கேசட் இரவல் வாங்கி வந்தார்: கன்னட 'ஸ்கூல் மாஸ்டர்', 1958-இல் வந்த படம். எடுத்தவரும் இயக்கியவரும் தலைமைப் பாத்திரத்தில் நடித்தவரும் பி.ஆர். பந்துலு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' ஆகிய தமிழ்ப் பெரும்படங்களைத் தந்த அதே பந்துலுதான். பிறந்ததோ கோலார் ஜில்லாவின் புடகூர் கிராமத்தில். "நம்ம கோலார்க்காரர்" என்று அஜ்ஜி சொன்னபோது தம் சொந்தச் சகோதரனைச் சொல்வதுபோல் இருந்தது. இப்படத்தையே பந்துலு அதே ஆண்டில் 'எங்கள் குடும்பம் பெரிசு' என்று தமிழிலும் தந்தார்; அடுத்த ஆண்டு இந்திக்கும், 1964-இல் அவருடைய சீடர் புட்டண்ணா கணகால் வழியாக மலையாளத்துக்கும், 1972-இல் 'படி பந்துலு' என்ற பெயரில் தெலுங்குக்கும் போன கதை இது. எங்கள் வீட்டுக்கு அது வந்தது கன்னடத்தில்.

நேர்மையான ஓர் உபாத்தியாயர், ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றலாகி மனைவி மக்களோடு வருகிறார். பள்ளியைச் சீர்திருத்துகிறார், ஊர்ப் பெரியமனிதரின் பகையைச் சம்பாதிக்கிறார், மாணவர்கள் கூடி அவருக்கு ஒரு வீடு கட்டித் தருகிறார்கள். காலம் ஓடுகிறது. பிள்ளைகள் வளர்ந்து மணமாகிப் போகிறார்கள். வயதான தம்பதியைச் சேர்ந்தாற்போல் வைத்துக் காப்பாற்ற எந்த மகனுக்கும் சௌகரியப்படவில்லை. ஆகவே தந்தை ஒரு மகன் வீட்டிலும் தாய் மற்றொரு மகன் வீட்டிலுமாகப் பங்கிடப்படுகிறார்கள். ஆயுள் முழுவதும் ஒருவரை ஒருவர் பிரிந்தறியாத பந்துலுவும் எம்.வி. ராஜம்மாவும் முதுமையில் விடைபெற்றுக்கொள்ளும் அந்தக் கட்டத்தை என் தாயார் பாஷை துணையில்லாமலேயே அறிந்துகொண்டார். அருகில் அமர்ந்து வாக்கியத்துக்கு வாக்கியம் தமக்குத் தெரிந்த தமிழில் பொருள் சொல்லி வந்த அஜ்ஜி, அந்த இடத்தில் சொல்வதை நிறுத்திவிட்டு, "அளபேடம்மா, அளபேட" என்று என் தாயாரின் முதுகைத் தடவினார், தாமும் அழுதார்.

அப்போது கரண்ட் போயிற்று.

ஐப்பசி மழையில் அறுந்த கம்பி விடியும்வரை ஒட்டவில்லை. கேசட்டை முதல் பஸ்ஸில் திருப்பி அனுப்பியாக வேண்டும். எட்டுக் குடும்பமும் எழுந்து போக மனமில்லாமல், ஒரு அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அஜ்ஜி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். படம் வந்த ஆண்டிலேயே பெங்களூர்க் கொட்டகையில் தம் கணவரோடு அதைப் பார்த்தவராம். ஒரு காட்சியையும் மறக்கவில்லை. கடனில் அந்த வீடு ஏலத்துக்கு வருகிறது. உபாத்தியாயரிடம் முன்னாளில் படித்த ஒரு மாணவன் போலீஸ் அதிகாரியாக வந்து அதை மீட்டு, குருவின் கையிலேயே கொடுக்கிறான். பிரிந்த இருவரும் ஒன்று சேர்கிறார்கள். "அந்தப் பையனாக வந்தது யார் தெரியுமா? சிவாஜி" என்றார் அஜ்ஜி. கன்னடப் படத்தில் சிவாஜியா என்று எங்களில் ஒருவருக்கும் நம்பிக்கை உண்டாகவில்லை. எங்கள் மனம் ஆறுவதற்காகவே அந்தக் கிழவி இட்டுக்கட்டிச் சொல்லுகிறார் என்று என் தாயார் படுக்கையில் என் காதோடு சொன்னார். ஆனாலும் அந்த முடிவைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் உறங்கப் போனோம்.

காலம் இயந்திரங்களை மாற்றிற்று. தொண்ணூறுகளில் கேபிள் இணைப்பு வந்ததும் டெக்குக் கடைகள் ஒவ்வொன்றாகக் கைப்பேசிக் கடைகளாக மாறின. நாடாவின் இடத்தில் வட்டத்தட்டு வந்தது. ஒரு படம் இரண்டு மூன்று தட்டுகளில் பிரிந்து கிடக்கும். 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபோது, நாங்கள் ஐந்தைந்து ரூபாயாகச் சேர்த்து ஓரிரவுக்கு மட்டும் வாங்கிய பாக்கியம், ஒரு கிலோ அரிசிக்கு மேல் அதிகம் ஆகாத விலைக்கு நிரந்தரமாகக் கைக்கு வந்தது. இதற்கிடையே வரிசை வீடு இடிந்தது, அஜ்ஜி காலமானார், அத்தையின் குடும்பம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போயிற்று, தர்மபுரி ஜில்லாவிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி ஜில்லா பிரிந்தது, நானும் தகப்பனார் வழியிலேயே ஆலை உத்தியோகத்தில் சேர்ந்து ஓசூரிலேயே வீடு கட்டினேன். தம்பி சென்னைக்குப் போனான்.

இனிச் சொல்லப்போவதை இத்தனை ஆண்டுகளில் நான் எவரிடமும் சொன்னதில்லை. 2008-இல் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. என் தாயாரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தோம். தகப்பனாரையும் உடன் அனுப்ப அவர்கள் வீட்டில் இடம் போதாது. மேலும், இங்கே என் மகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வர அவர் வேண்டியிருந்தது. நானும் தம்பியும் தொலைபேசியில் பத்து நிமிஷத்துக்குள் இதைப் பேசி முடித்தோம். யாரும் யாரையும் கடிந்து பேசவில்லை. எல்லாம் சௌகரியத்தின் பெயரால், அன்பின் பெயராலேயே நடந்தது. எட்டு மாதங்கள் அவ்வாறே கழிந்தன. தகப்பனார் தினந்தோறும் இரவு எட்டரைக்குத் தொலைபேசியருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவதை நான் பார்த்தும் பாராதவனாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில் வேலையாகப் பெங்களூர் போன நான், காந்திநகரில் ஒரு கடை வாசலில் கன்னடப் பழம்படத் தட்டுகளுக்கிடையே 'ஸ்கூல் மாஸ்ட'ரைக் கண்டு, அஜ்ஜியின் ஞாபகத்தில் வேறெதையும் யோசியாமல் வாங்கி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் தகப்பனாரும் பார்த்தோம். ஓசூரில் இருபத்தேழு ஆண்டு வாழ்ந்ததில் கன்னடம் எங்களுக்கு இப்போது பொருள் சொல்ல ஆள் தேவையில்லாத பாஷை. மாணவர்கள் வீடு கட்டும் காட்சியில் அவர் சிரித்தார். பிறகு அந்தப் பங்கீடு வந்தது. பந்துலுவும் ராஜம்மாவும் விடைபெறும் இடத்தில், தகப்பனார் மெள்ள ரிமோட்டை எடுத்து, பொத்தானை இரண்டு முறை தேடி, படத்தை நிறுத்தினார். உறைந்துபோன அந்த இரண்டு முதிய முகங்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மேல இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிருவோம்ப்பா" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். அவர் குரலில் குற்றச்சாட்டு ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்பேன்.

எத்தனையோ ஆயிரம் ஜனங்கள் கொட்டகையில் அந்தக் கட்டத்தைக் கண்டு அழுதிருப்பார்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் அது பந்துலுவின் கதையாகிவிடும். என் வீட்டுக் கூடத்தில், என் தகப்பனாரின் நாற்காலிக்கு எதிரே நின்றுபோன அந்தக் காட்சி என்னுடைய கதை. வெளியே போக எனக்கு வாசல் இல்லை. அந்தத் தட்டு இயந்திரத்துக்குள்ளேயே கிடக்க, அன்றிரவே தம்பியோடு பேசினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவன் அழுதுவிட்டான். குழந்தைக்கு வேறு ஏற்பாடு செய்ய மூன்று வாரம் பிடித்தது. இனிப் போனால் இருவரும் சேர்ந்தே போவது, இருந்தால் சேர்ந்தே இருப்பது என்று முடிவாயிற்று.

தாயார் வந்த மறுநாள் இரவு, சாப்பாடு முடிந்ததும், தகப்பனார் தாமாகவே ரிமோட்டை எடுத்தார். நின்ற இடத்திலிருந்து படம் தொடர்ந்தது. என் மகள் பாட்டியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவளுக்குப் புரியாத இடங்களில் என் தாயார் பொருள் சொல்லி வந்தார், அஜ்ஜி சொன்ன அதே நிதானத்தில். கடன் வந்தது, ஏலம் வந்தது. பிறகு ஒரு போலீஸ் அதிகாரி தம் பழைய ஆசிரியருக்கு முன்னால் வந்து நின்றார். சிவாஜியேதான்.

என் தாயார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில், அரிக்கேன் விளக்கடியில் கேட்டு, நம்பாமல் விட்ட வார்த்தை அது. திரையில் குருவும் சிஷ்யனும் பேசிக்கொண்டிருக்க, அவர் என் தகப்பனாரின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஏங்க, அஜ்ஜி பொய் சொல்லலைங்க."